உன் மோட்டார் சைக்கிளின் கழுத்தில் இருக்கும் எண்

தம்பி,

நீ ஓடுகிற மோட்டார் சைக்கிளின் கழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் எண் அதனுடையது அல்ல. அது விபத்தில் இறந்துபோன ஓர் இளைஞனின் மோட்டார் சைக்கிளுக்கு உரியது. அந்த எண் இருந்த இரும்பை அறுத்தெடுத்து உன்னுடையதில் வெல்டிங் செய்து பதித்தவன் நான். வாகனப் பதிவு அலுவலகம் உன் மோட்டார் சைக்கிளை ஏற்றுக்கொண்டது என்று உனக்குச் சொன்னது பொய். அவர்கள் ஏற்கவில்லை. அந்த இளைஞனின் தாயிடம், உங்கள் மகனின் மோட்டார் சைக்கிளைத் திரும்ப ஓட வைப்பேன் என்று சொன்னதும் பொய். இந்த மூன்றையும் நான் ஒருவனாகவே செய்தேன். என் மகனான உனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது. யாரும் என்னைத் தூண்டவுமில்லை.

உன் கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைகள், இருபத்தொரு நாள், இருக்கின்றன. இதை நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் சொன்னால் நீ இடையில் கேள்வி கேட்பாய், நான் குரலை உயர்த்துவேன், கடைசியில் இரண்டு பேரும் மண்டப வாடகையைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு நிற்போம். அதனால் எழுதுகிறேன். நீ வாசித்து முடித்த பிறகு இதன் பிரதி ஒன்றை நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கொடுக்கப்போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. உன் மோட்டார் சைக்கிள் நம்பர் பிளேட்டோடு ஓடுவதைப் பார்த்த மூன்று பேர் என்னிடம் வந்து, "அண்ணை, எனக்கும் உப்பிடி ஒண்டு செய்து தாங்கோ" என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் இதுதான் பதில். பொலிஸ் வாசித்தால் வாசிக்கட்டும்.

போன ஒக்டோபரில் நீ அதை ஒரு நண்பனின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். நகரின் மறுபக்கம் கோட்-டெ-நெய்ஜில் உன் அப்பார்ட்மெண்டில் வைக்க இடமில்லை என்று மொன்ட்ரியால்-நோரில் எங்கள் கராஜில் இறக்கினாய். எண்பது சீசீ, டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஒரு பெரிய ஆள் ஏறினால் முழங்கால் காதில் முட்டும். பந்தயத் தடத்தில் சுற்றி ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. முன் விளக்கு இல்லை, பின் விளக்கு இல்லை, ஹோர்ன் இல்லை, கண்ணாடி இல்லை. கிக்கர்கூட இல்லை, தள்ளிக்கொண்டு ஓடித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நான் அதைச் சுற்றி இரண்டு தரம் நடந்தேன்.

"அப்பா, இதை றோட்டில ஓடுற மாதிரிச் செய்து தருவியளோ?"

"இது றோட்டுக்குச் செய்த சாமான் இல்லையடா."

"அதுக்குத்தானே உங்களிட்டக் கொண்டு வந்தனான். ஏலாட்டிச் சொல்லுங்கோ, வேற ஆளைப் பாப்பம்."

"ஏலாதெண்டு ஆர் சொன்னது?"

நீ சிரித்தாய். என்னை எந்த இடத்தில் தட்டினால் என்ன சத்தம் வரும் என்பது உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

நான் யாரிடமும் தொழில் படித்தவன் அல்ல. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட வைக்கத் தெரிந்தவன்தான் மெக்கானிக். நானாகவே கழற்றினேன், நானாகவே பூட்டினேன், அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அந்த நாட்களில் ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சின் ஓரிடத்தில் இருந்து வந்திருக்கும், டயரோடு சில்லு இன்னோரிடத்தில் இருந்து. எண்ணை யாரும் பார்ப்பதில்லை. இதன் சொந்தக்காரர் எங்கே என்று கேட்டால் கேட்டவருக்கே அழுகை வரும். அதனால் கேட்க மாட்டோம். எண் என்பது இராணுவச் சென்றியில் காட்டுவதற்கான ஒரு வரி எழுத்து, அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்ற எண்ணம் எனக்குள் அப்போது இறங்கியது. கனடாவுக்கு வந்து பதினாறு வருடம் இந்த நகரத்தில் ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெசின் திருத்திய பிறகும் அது வெளியே போகவில்லை. என் பிழையின் வேர் இதுதான். சாட்டாக, தப்பிப்பதற்காகச் சொல்லவில்லை. நீ எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

உன் மோட்டார் சைக்கிளைச் செய்த அதே கொம்பனி அதே எஞ்சினைப் போட்டுத் தெருவுக்கும் ஒன்று செய்திருந்தது. அதில் ஒன்று கிடைத்தால் விளக்குக்கு மின்சாரம் தரும் பகுதியும் கிக்கரும் ஸ்பீடோமீற்றரும் அப்படியே வந்து பூட்டும். மூலை டெப்பானேர் கடையின் விளம்பரப் பலகையில், அப்படி ஒன்று உடைந்த நிலையில் விற்பனைக்கு என்று ஒரு துண்டைக் கண்டேன். வாடகை வானை எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லவாலுக்குப் போனேன். கதவைத் திறந்த பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவு சுத்தமான கராஜை நான் கண்டதில்லை. நடுவில் அந்த மோட்டார் சைக்கிள் நின்றது. முன் சில்லு வலது பக்கமாக மடிந்து எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அதன்மேல் ஒரு துளி தூசு இல்லை. சுவரில் ஒரு கொளுக்கியில் ஹெல்மெட், அடுத்ததில் ஒரு லெதர் ஜாக்கெட். நான் எதையும் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

"உங்களுக்கு இது எதற்கு, மெஸ்யூ?" என்று கேட்டார்.

என் பிரெஞ்சு உனக்குத் தெரியும், தையல் மெசின்களோடு நின்று படித்த பிரெஞ்சு. பாகங்களுக்காக என்று சொல்ல எனக்குத் தெரியும். அந்தச் சொல் வாய்க்குள் வந்தும் விட்டது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு, "ஓடுவதற்கு" என்றேன்.

"திரும்ப ஓடுமா?"

"ஓடும், மதாம்."

"அப்படியென்றால் ஒருநாள் இந்தத் தெருவால் கொண்டு வாருங்கள். நிற்கத் தேவையில்லை. சத்தம் கேட்டால் போதும்."

பத்திரத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் அவர் சேசி நம்பரைச் சொன்னார். அதுதான் எஞ்சினைத் தாங்கும் இரும்புடலின் கழுத்தில், ஹாண்டிலுக்குக் கீழே, பொறித்திருக்கும் எண். எழுத்தும் இலக்கமுமாகப் பதினேழு. கடதாசியைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், ஒன்றுவிடாமல் சொன்னார். மகனுக்கு ஒருபோதும் அது நினைவில் நிற்பதில்லையாம், இன்சூரன்ஸ்காரர் கேட்டால் இவர்தான் அடுக்களையில் இருந்து கத்திச் சொல்வாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அந்த உடைந்த மோட்டார் சைக்கிளை வானில் ஏற்றும்வரை கராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பனிக்காலம் முழுவதும் நான் வேலை செய்தேன். விளக்குகள், இரண்டு பிரேக்கிலும் சுவிட்ச், ஹோர்ன், இரண்டு பக்கமும் கண்ணாடி, தெருவுக்கு உரிய டயர், சத்தத்தைக் குறைக்க நீளமான சைலன்சர், பக்கத்தில் ஒரு ஸ்டாண்ட். ஒரு வயரைக்கூட வெளியில் தெரியவிடவில்லை. ஹோர்னை முதல்முறை அடித்துப் பார்த்தபோது மேல்வீட்டுக் குழந்தை எழும்பி அழுதது. "இஞ்சாருங்கோ, உந்த எண்ணெய் நாத்தத்தோட குசினிக்க வராதேங்கோ" என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொன்னாள். நான் ஒவ்வொரு நாளும் வந்தேன்.

மார்ச் மாதத்தில் வாகனப் பதிவு அலுவலகத்தின் பரிசோதனைக்குக் கொண்டு போனேன். பரிசோதகன் உன்னைவிட இளையவன். குனிந்து கழுத்தைப் பார்த்தான். தெருவில் ஓடுவதற்காகச் செய்தது என்று கொம்பனி ஒட்டும் ஒரு வில்லை இருக்கிறதாம், அதைத் தேடினான். இல்லை. எழும்பிவிட்டான்.

"விளக்கைப் போட்டுப் பாருங்கள்" என்றேன்.

"தேவையில்லை, மெஸ்யூ."

"பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள்."

"தேவையில்லை. இது தடத்துக்குச் செய்யப்பட்டது. நீங்கள் எதைப் பூட்டினாலும் அது மாறாது."

ஐந்து மாத வேலையை அவன் ஐந்து நிமிடம் பார்க்கவில்லை. விதி அவன் பக்கம் இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மனிதன் செய்த வேலையை நிராகரிப்பதற்கு முன் அந்த விளக்கை ஒருதரமாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும். இதைச் சாகும்வரை சொல்வேன். இந்தக் கடிதத்தில் நான் மன்னிப்புக் கேட்பவர்களின் பட்டியலில் அவன் இல்லை.

வீட்டுக்கு வந்து கராஜில் உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தும் பத்திரம் இல்லாத மோட்டார் சைக்கிள். மறுபக்கத்தில் எதுவும் மிஞ்சாமல் பத்திரம் மட்டும் இருக்கும் மோட்டார் சைக்கிள். அந்தத் தாய்க்கு ஓடும் என்று சொல்லியிருக்கிறேன், ஓடட்டுமே என்று நினைத்தேன். பார், எவ்வளவு நல்ல காரணம்! பிழை செய்யப் போகிறவனுக்கு நல்ல காரணம் தட்டுப்படாமல் இருந்ததே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் இரண்டு கழுத்துகளையும் அறுத்தேன். அந்தப் பதினேழும் இருந்த துண்டை உன்னுடையதில் வைத்து வெல்டிங் செய்து, அராவி, பெயின்ற் அடித்தேன். விரல் வைத்துத் தடவினாலும் இணைப்புத் தெரியாது. மாலையில் உனக்குப் போன் எடுத்து, "ஓஃபீசில ஏற்றுக்கொண்டிட்டாங்கள், எல்லாம் சரி வந்திட்டுது" என்றேன். "அப்பா, நீங்கள் ஒரு விசேஷம்தான்!" என்றாய். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன்.

நீ பத்து வயதில், பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த ஒரு தாளில் என் கையெழுத்தை நீயே போட்டாய். நான் உன்னை பெல்ட்டால் அடித்தேன். "மற்ற ஆளின்ர பேரை எழுதுவியோ" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். அம்மா குறுக்கே வந்து விழுந்த பிறகுதான் நிறுத்தினேன். அந்த அடி பிழை என்று எனக்கு அன்றிரவே தெரியும். இன்றுவரை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நம்பர் பிளேட் வந்தது மே மாதத்தில். அந்தத் தாய் கையெழுத்திட்ட பத்திரத்தை வைத்து அலுவலகத்தில் ஒரு கேள்வியும் இல்லாமல் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்குப் பின்னால் போகும் ஒடுங்கிய ஒழுங்கையில் முதல்தரம் ஓடிப் பார்த்தேன். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. ஏறி இருந்து கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். மோட்டார் சைக்கிள் பின்னுக்குப் போனது. கராஜ் கதவில் என் முதுகை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. இதற்கு விளக்கம் உண்டு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். தீப்பொறி கொஞ்சம் முந்தி விழுந்து, உதையும் பலவீனமாக இருந்தால், சுழற்சி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும், ஓட்டுபவனுக்கு கியர் போடும்வரை தெரியாது. பொறி விழும் நேரத்தை அளந்தேன். ஒரு மயிர்கூடப் பிசகவில்லை. இருந்தாலும் இன்னொருதரம் கழற்றிப் பூட்டினேன். அதன் பிறகு என்னிடம் ஒருநாளும் அது பின்னுக்கு ஓடவில்லை.

யூலையில் ஒரு ஞாயிறு நீ சாப்பிட வந்தாய். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்:

"அப்பா, நேற்று ஒரு விசர் விளையாட்டு. லவால் பக்கம் றோட்டு வேலை, ஒறேஞ்ச் கோன் வச்சுச் சுத்தி விட்டிருக்கிறாங்கள். நான் ஏதோ ஒரு சின்னத் தெருவுக்க பூந்திட்டன். அதில நிண்டிட்டுது. கிக் பண்ணினன், ஸ்டார்ட். கியரைப் போட்டா பின்னுக்குப் போகுது! நேர ஒரு வீட்டு வாசலுக்க."

"பிறகு?" என்றேன்.

"ஒரு மதாம் வெளியில வந்தா. ஏசப்போறா எண்டு நினைச்சன். அவ சொல்லுறா, கராஜ் கதவு திறந்துதான் கிடக்கு, உள்ளுக்கு விடு எண்டு."

"ஆரெண்டு தெரியாத வீட்டுக்க ஏன்டா போனனி?" என்று அம்மா கேட்டாள்.

"பாவம் மனுசி, அம்மா. கோப்பி தந்தவ. என்னை வேற ஆரோ எண்டு நினைச்சிட்டா போல. ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டவ. நான் திருத்தேல்லை."

"ஏன் திருத்தேல்லை?"

"தெரியேல்லை. திருத்தினா அழுதிடுவா போல கிடந்தது."

நான் கையைக் கழுவ எழும்பிப் போனேன். குழாயைத் திறந்து விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். குழாயை மூடிவிட்டு வந்து, "பொறி நேரத்தை ஒருக்காப் பாக்கிறன்" என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கராஜில் இருந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு லெதர் ஜாக்கெட்டோடு திரும்பி வந்தாய். தோளும் கையும் உனக்கென்றே அளவெடுத்தது போல இருந்தன. மதாம் தந்தது என்றாய். நான் தையலோடு வாழ்ந்தவன், என் கண் நேரே வலது முழங்கைக்குப் போனது. அதில் ஒரு நீளமான கிழிசல் தைக்கப்பட்டிருந்தது. மற்ற இடங்களில் நூல் மங்கியிருந்தது, அந்த இடத்தில் மட்டும் நூல் புதுக் கறுப்பு. கையால் போட்ட தையல், ஒவ்வொரு குத்தும் ஒரே அளவு. அந்தக் கிழிசல் எந்தப் பக்கம் விழுந்ததால் வந்தது என்று எனக்குத் தெரியும். முன் சில்லு மடிந்திருந்ததும் வலது பக்கம்தான்.

"ராசா, உந்த ஜாக்கெட்டை வெளியில கழட்டிப் போட்டு வா," என்றாள் அம்மா.

"ஏனம்மா, புதுசு போலத்தானே கிடக்கு."

"புதுசில்லை. வேற ஒரு பிள்ளையின்ர வேர்வை மணக்குது."

நீ சிரித்தாய். ஆனால் கழற்றவில்லை.

போன சனிக்கிழமைக்கு முதல் சனிக்கிழமை, நீ கராஜுக்கு வருவதற்கு முன்னமே நான் வீட்டை விட்டுக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி லவாலுக்குப் போனேன். அந்த வீட்டுக்கு எதிரே பஸ் தரிப்பிடத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். நல்ல வெயில். தெருவில் ஒருவரும் இல்லை. இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் வெளியே வந்து கராஜ் கதவை மேலே தூக்கினார். தூக்கிவிட்டு ஒரு கையை அதில் வைத்தபடி நின்றார். நான் காதைக் கொடுத்தேன். எதுவும் கேட்கவில்லை. அவர் தலையை ஆட்டி ஆட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து நிமிடத்துக்குப் பிறகுதான் தூரத்தில் அந்த எஞ்சினின் சத்தம் எழுந்தது. நீ தெருவுக்குள் திரும்பினாய். வீட்டு வாசலில் எஞ்சின் நின்றது. உதைத்தாய். பின்பக்கமாகவே கராஜுக்குள் போனாய், தம்பி. நீ கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. இறங்கி, முன்பு அந்தச் சுவரில் நான் கண்ட ஹெல்மெட்டைக் கழற்றி, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டினாய். கொளுக்கி அங்கே இருந்தது.

அவர் உன் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். ஹாண்டிலுக்குக் கீழே விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். உதடு அசைந்தது. நானும் எண்ணினேன். பதினேழு. முடிந்ததும் தலையை ஆட்டிவிட்டு எழும்பினார், அதன் பிறகுதான் உன் கன்னத்தைத் தொட்டார். உன்னை அவருக்கு அடையாளம் காட்டியது நான் பதித்த அந்த இரும்பு. வேறொன்றும் இல்லை. நான் தெருவைக் கடந்திருக்க வேண்டும். இருபது அடி. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

பேய் என்று நான் சொல்லவில்லை. நான் பேய்க்குப் பயந்தவனாக இருந்திருந்தால் எண்பதுகளிலேயே செத்திருப்பேன். உன் உதை பலவீனமாக இருந்திருக்கும், அதனால்தான் எஞ்சின் பின்னுக்கு ஓடுகிறது. அவருக்கு உன் நேரம் பழகியிருக்கும், அதனால் முந்திக் கதவைத் திறக்கிறார். எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் இருக்கிறது. ஏன் ஒவ்வொரு தரமும் அந்த ஒரு வாசலில் மட்டும் என்பதை அளப்பதற்கு என் பெட்டியில் கருவி இல்லை.

போன கிழமை உன் வருங்கால மனைவி அம்மாவுக்குப் போன் எடுத்திருக்கிறாள். "மாமி, இவரை ரெண்டு மூண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்புறார்" என்று சொன்னாளாம். அம்மா கலியாண யோசனை என்றாள். நான் டூ ஸ்ட்ரோக் சத்தத்தில் காது அடைத்திருக்கும் என்றேன். அன்றைக்குப் பின்னேரம் நீ எனக்குப் போன் எடுத்தாய்.

"அப்பா, லவால் மதாமையும் கலியாணத்துக்குச் சொல்லிட்டன். ஒரு பகிடி கேளுங்கோ. மணவறையில தான் எந்தப் பக்கம் நிக்கோணும் எண்டு கேட்டவ. தாய் நிக்கிற பக்கம் எது எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"அம்மாவிட்டக் கேட்டுச் சொல்லுறன் எண்டனான்."

"வேற என்ன சொன்னவ?"

"மழை வந்தா மோட்டார் சைக்கிள்ள ஏறி ஓடாதையாம். 'இந்த முறை ஓடாதே' எண்டவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். சிரித்து முடிந்ததும் சட்டென்று போனை வைத்துவிட்டாய். உனக்கும் குளிர்ந்தது, எனக்குத் தெரியும். இந்த முறை என்று ஒரு தாய் சொல்கிறாள் என்றால், அவள் கணக்கில் நீ ஒருதரம் செத்துத் திரும்பி வந்தவன். என் பிள்ளையை இன்னொரு தாயின் பிள்ளையின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். அவர் மகனை இழந்து அழுது, அந்த அழுகையோடு இருக்கப் பழகியிருந்தார். மோட்டார் சைக்கிள் போனதும் அந்தக் கராஜ் வெறுமையாகிவிட்டது, கொளுக்கியில் இருந்ததையும் ஒருநாள் யாருக்காவது கொடுத்திருப்பார். நான் போய் அதைக் கலைத்துவிட்டேன். இனி அவர் இரண்டாம் தரம் அவனை இழக்க வேண்டும். அதற்கு நான் காரணம். அந்த இழப்பு மழை நாளில் நீ விழுவதால் வந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம். வேறு பயம் எனக்கில்லை.

அம்மா இதை வாசித்ததும் கோயிலில் அர்ச்சனை, நீற்றுப்பூசணி என்று தொடங்குவாள். வெட்டட்டும், தடுக்கவில்லை. பூசணிக்காயால் சேசி நம்பர் மாறாது. நீ ஒரு பெண்ணோடு வீடு தொடங்கப் போகிறாய், உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். உன் கைவேலை திறமானது என்பதற்காக அது செய்யத்தக்க வேலை என்று நினைத்துவிடாதே. அந்த வெல்டிங் என் வாழ்க்கையிலேயே நான் செய்த மிகத் திறமான வெல்டிங். யாராவது அழுதுவிடுவார்கள் என்று பயந்து ஒரு பெயரைத் திருத்தாமல் விடாதே. அதை நீ என்னிடம்தான் பழகியிருக்கிறாய். விழுங்கிய சொல் செரிக்காது.

இனிச் செய்ய வேண்டியவை.

நீ: இந்தக் கடிதம் கிடைத்ததில் இருந்து அந்த மோட்டார் சைக்கிளில் ஏறக் கூடாது, ஒழுங்கையின் முடிவு வரைக்கும்கூட. வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் வா. ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் கொண்டு வா, அவை லவாலுக்குத் திரும்பிப் போக வேண்டும். நான் கழுத்தை அறுக்கும்போது மறுபக்கத்தைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நீ வரவில்லை என்றாலும் அறுப்பேன், கோணலாக அறுபடும். உன்னுடைய பழைய துண்டை நான் எறியவில்லை, அதைத் திரும்பப் பதித்துத் தருவேன். பிறகு அது தடத்தில் ஓடட்டும், நான் வந்து எண்ணெய் கலந்து தருகிறேன். கர்க்லாண்டில் நீங்கள் வாங்கியிருக்கும் வீட்டின் கராஜுக்கு அது போகக் கூடாது. நீ கலியாணம் செய்யப்போகிற பிள்ளைக்கு இதை முழுவதும் நீயே சொல்ல வேண்டும். அம்மா சொல்லி அவள் அறியக் கூடாது.

அம்மா: என்னோடு பேசாமல் இருக்கலாம், அது அவளுடைய உரிமை. மணவறையில் தாய் நிற்கும் இடத்தில் அவள் நிற்க வேண்டும். லவாலில் இருந்து அவர் வந்தால் முன்வரிசையில் தனக்குப் பக்கத்துக் கதிரையை அவருக்கு ஒதுக்க வேண்டும். விருந்தாளியாக.

என்னிடம் வந்து கேட்ட மூன்று பேரும்: போய் வேறு வேலையைப் பாருங்கள்.

வாகன அலுவலகம்: திங்கட்கிழமை காலை நம்பர் பிளேட்டையும் பத்திரத்தையும் நான் கொண்டு வருவேன். அபராதமோ வழக்கோ என் பெயரில் எழுத வேண்டும், மகனின் பெயரில் அல்ல. எழுதி முடித்த பிறகு, அந்தப் பரிசோதகன் வெளியே வந்து விளக்கை ஒருதரம் போட்டுப் பார்க்க வேண்டும்.

லவாலில் இருக்கும் அந்தத் தாய்: அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. என்னை மன்னிக்கவும் தேவையில்லை.

நான்: சனிக்கிழமை அவர் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவைத் தூக்கிவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார். சத்தம் வராது. நான் பஸ் தரிப்பிடத்தின் பக்கத்தில் இருந்து தெருவைக் கடந்து நடந்து போவேன். உன் பெயரை அவருக்குச் சொல்வேன், நீ உயிரோடு இருக்கும் என் மகன் என்று சொல்வேன். அவருடைய மகனின் பெயரை அவரிடம் கேட்பேன். போன வருடமே கேட்டிருக்க வேண்டும். அந்த இரும்புத் துண்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் கதவை இறக்கும்வரை அங்கேயே நிற்பேன். எவ்வளவு நேரமானாலும், எந்த பஸ் வந்தாலும்.

அப்பா